என் இடுப்பின் சாட்சி

தும்மல் வருவதுபோல் இருந்தால் முதலில் சுவரைத் தேடுவேன். கை ஊன்ற ஏதாவது கிடைத்த பிறகுதான் தும்முவது. இடுப்பு வலி வந்து போனவர்களிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். காலையில் எழுந்திருக்க ஒருக்களித்து உருண்டு, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையால் உந்த வேண்டும். சாக்ஸ் போடுவது தனிக் கலை. கீழே விழுந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பேனா உண்மையிலேயே எனக்குத் தேவையா என்று யோசித்த நாட்கள் உண்டு.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயதுக்கேற்ற தேய்மானம் என்றார் மருத்துவர். வலி மாத்திரை, பிசியோதெரபி, வீட்டில் செய்ய நான்கு பயிற்சிகள். பயிற்சிகளை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னதில் நான் விடாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான். தினமும் படுக்கப்போகும் முன் ஒரு நோட்டில் அன்றைய வலிக்கு மதிப்பெண் போடுவது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. ஒரு எண், பக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள். "5, ரொம்ப நேரம் உட்கார்ந்தேன்." "3, பரவாயில்லை." இப்படியே மொத்தம் ஏழு மாதம் எழுதினேன்.

அந்த ஏழு மாதத்துக்கு நடுவில் ஒரு நாள் ராத்திரி 8 போட்டேன். மறுநாள் காலையிலேயே அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் செய்யும் ஒரு சிகிச்சையாளருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

முதல் நாள் ஊசிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேச்சுதான். தூக்கம் எப்படி, எந்தப் பக்கம் படுப்பீர்கள், குளிர் தாங்குமா வெயில் தாங்குமா, பசி நேரத்துக்கு எடுக்கிறதா, எதற்காவது அதிகம் பயப்படுவீர்களா. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக நாடி பார்த்தார். ஒவ்வொரு விரலுக்குக் கீழும் ஒவ்வோர் உறுப்பின் சேதி கிடைக்கும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. சேதி கிடைத்ததோ இல்லையோ, என் இடுப்பைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் விசாரித்ததில்லை. விசாரித்து முடித்தபோதே பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

அப்புறம் விளக்கம். உடம்பில் 'ச்சி' என்ற உயிராற்றல் ஓடுகிறதாம். (முதல் தடவை அவர் "ச்சி" என்றதும் என் சட்டையில்தான் ஏதோ அசிங்கம் ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். குனிந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு.) அது ஓடும் முக்கியப் பாதைகள் பன்னிரண்டு, உடம்பின் நடுக்கோட்டில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஆக 14 மெரிடியன்கள். அவற்றின் மேல் 361 புள்ளிகள். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலிலும் இதே 361தான். ஓட்டம் எங்கே தடைபடுகிறதோ அங்கே வலி, ஊசி தடையை எடுத்துவிடும்.

இந்த விளக்கத்தைவிட எனக்குப் பிடித்துப்போனது புள்ளியை அளக்கும் விதம். டேப் கிடையாது, ஸ்கேல் கிடையாது. நோயாளியின் விரலே அளவுகோல். கட்டை விரல் கணுவின் அகலம் ஒரு 'சுன்'. கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் சேர்த்து வைத்தால் மூன்று சுன். நாம் விரற்கடை என்று சொல்கிறோமே, அந்த யோசனைதான். நெட்டையானவருக்கு நெட்டை அளவு, குட்டையானவருக்குக் குட்டை அளவு தானாக வந்துவிடுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் வைத்து, முன்எலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளினால் 'ஸு சன் லி'. 'காலில் மூன்று லீ' என்று அர்த்தம். லீ என்பது அவர்களுடைய தூர அளவு. களைத்து உட்கார்ந்துவிட்டவன்கூட இந்த இடத்தைத் தூண்டிவிட்டால் இன்னும் மூன்று லீ நடந்துவிடுவான் என்று கதை. இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்காலின் பின் மடிப்பைத் தேடு என்று ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. எனக்கு முதல் ஊசி அங்கேதான் இறங்கியது. வலிக்கிற இடம் ஒன்று, குத்துகிற இடம் வேறொன்று.

ஊசி என்றதும் டாக்டர் போடுகிற ஊசியை நினைக்க வேண்டாம். மருந்து ஊசிக்கு நடுவில் துளை உண்டு, முனையைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள், தோலைக் கிழித்துக்கொண்டுதான் போகும். இதில் துளை கிடையாது. கால் மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி. மூன்று நான்கு தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் என்ன கனமோ அவ்வளவுதான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலின் மேல் நிறுத்தி, மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஊசித் தலையில் ஆள்காட்டி விரலால் டக்கென்று ஒரு தட்டு. குழாயை எடுத்தால் ஊசி நிற்கிறது. குழாய் தோலை அழுத்தும் உணர்ச்சியில் குத்தியதே தெரிவதில்லை. இந்தக் குழாயை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுகியாமா வாய்ச்சி, 17ஆம் நூற்றாண்டு ஜப்பானியர். கண் தெரியாதவர். விரலால் தடவிப் பார்த்தே ஊசி போட வேண்டியவருக்குத்தான் இப்படி ஒரு கருவி தோன்றியிருக்கிறது.

குத்தியபோது தெரியவில்லையே தவிர, அவர் இரண்டு விரலால் ஊசியை லேசாகத் திருகிக்கொண்டே இறக்கியபோது நன்றாகவே தெரிந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. ஒரு கனம். யாரோ சதைக்கு உள்ளேயிருந்து கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி, கெண்டைக்கால் வரைக்கும் மந்தமாக ஓர் இழுப்பு. "வந்துடுச்சா?" என்று கேட்டார். என்ன வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் "வந்துடுச்சு" என்றேன். 'தே ச்சி' என்கிறார்கள், ச்சி வந்து சேர்ந்தது என்று பொருள். போடுகிறவரின் விரலுக்கும் அது தெரியுமாம். மீன் தூண்டிலைக் கவ்வியதுபோல் இருக்கும் என்று ஒரு பழைய சீனச் செய்யுளில் உவமை வருகிறது.

குப்புறப் படுக்கும் அந்தப் படுக்கையில் முகத்துக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தெரிவது தரை மட்டும்தான். பத்து தடவை போனதில் சிகிச்சையாளரின் முகத்தைவிட அவருடைய செருப்புதான் எனக்கு நல்ல பழக்கம். இடது செருப்பின் கட்டை விரல் பக்கம் தேய்ந்திருக்கும். அரை மணி நேரம் அசையக் கூடாது. போன் கையில் இல்லை. யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏதோ ஒரு மின்விசிறி சுற்றும். இரண்டு மூன்று தடவை தூங்கியே போய்விட்டேன்.

முதல் நாள் இரவு நோட்டில் 5 போட்டேன். இரண்டாவது வாரம் 4, 4, 3. ஐந்து வாரத்தில் பத்து தடவை முடிந்தபோது 2. சுவர் இல்லாமல் தும்மினேன். இடையிலேயே பிரச்சாரகனாக மாறியிருந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர்களை நிறுத்தி, ஒரு விலாசம் தரட்டுமா என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஏழாவது தடவையன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அங்கே இரண்டு படுக்கைகள், நடுவில் ஒரு திரை. என் முதுகிலும் காலிலும் ஊசிகள் நின்றுகொண்டிருக்க, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரையாம். எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார். சிகிச்சையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு நாடி பார்த்தபோது இருந்த அதே கனிவான குரலில், "மாத்திரையெல்லாம் இனிமே வேண்டாங்கய்யா. அதுதான் உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்க விடாம தடுக்குது. நிறுத்திடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

எனக்கு எழுந்து உட்கார வேண்டும்போல் இருந்தது. ஊசிகள் விடவில்லை. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன், ஆனால் வாயில் ஊசி இல்லையே, பேசியிருக்கலாம். பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தேய்ந்த செருப்பு திரைக்கு இந்தப் பக்கம் வந்தது, "நல்லா ரிலாக்ஸ் பண்ணுங்க சார்" என்றது.

வெளியே அந்தப் பெரியவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அருகில் போய், "ஐயா, தப்பா நினைக்காதீங்க. சர்க்கரை மாத்திரையை மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்காம நிறுத்திடாதீங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. நிறையவே கொறைஞ்சிருக்கு."

"ஆமா, அவரும் சொன்னாரு. பக்கத்து பெட்ல இருக்காரே, நடக்க முடியாம வந்தவரு, இப்ப எப்படி நடக்கிறாருன்னு பாருங்கன்னாரு. அப்புறம் என்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. நடக்க முடியாமல் நான் வரவில்லை, நடந்துதான் வந்தேன் என்று திருத்தவாவது செய்திருக்கலாம். அவர் "வரேங்க" என்று கிளம்பிப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் அங்கே பார்க்கவில்லை. அவருக்கு வேறு நேரம் கொடுத்திருக்கலாம்.

என் இடுப்பு இன்னொருவருடைய சர்க்கரைக்குச் சாட்சி சொல்லப் போய்விட்டது. என்னைக் கேட்காமலே. அந்தச் சாட்சியை நானாவது குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா என்றுதான் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் வரலாறு. ஐயாயிரம் வருஷப் பழமை என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்தார்கள். சீனாவில் மவாங்டுயி என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடிய ஒரு கல்லறையை 1973இல் தோண்டியபோது பட்டுத் துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அதில் பாதைகள் பதினொன்றுதான். ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை, மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறைதான் இருக்கிறது. ஊசியை விரிவாகப் பேசுவது அதற்குப் பிறகு தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல். அதில் வரும் ஒன்பது வகை ஊசிகளில் சில, கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கிற கத்திபோல இருக்கும். அப்புறம் 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் இந்தத் துறையை மூடிவிட்டார். 1930களில் செங் தான்ஆன் என்ற மருத்துவர் பெரிய ரத்தக் குழாய்களுக்கு மேல் இருந்த புள்ளிகளை நகர்த்தி, நரம்புகளின் போக்கோடு பொருத்தி, மெல்லிய ஊசிக்கு மாற்றினார். என் முதுகில் நின்றது அவர் கைபட்ட அக்குபங்சர். நூறு வயதுகூட ஆகவில்லை. பழசாக இருந்தால்தான் உண்மை என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சுவரில் ஒட்டியவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மேற்கு நாடுகளில் இது பரவிய கதை இன்னும் சுவாரசியம். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஊசி குத்தி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரே எழுதியது வேறு. மரத்துப்போகும் மருந்தை வழக்கம்போல ஊசியில் ஏற்றித்தான் அறுவை செய்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அக்குபங்சர் ஊசிகளைப் போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் அந்த உப்புசம் அடங்கியது. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனார், உலகமே சீனாவைத் திரும்பிப் பார்த்தது, ரெஸ்டனின் வயிற்று உப்புசம் வாய்க்கு வாய் வளர்ந்து அறுவை சிகிச்சையாகவே ஆகிவிட்டது. நடந்துபோன நான் நடக்க முடியாதவன் ஆன மாதிரி.

அடுத்து ஆராய்ச்சிகள். ஊசியைப் பரிசோதிப்பது மாத்திரையைப் பரிசோதிப்பதுபோல் சுலபமில்லை. மாத்திரைக்குப் பதில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்துவிடலாம், ஊசிக்குப் பதில் எதைக் குத்துவது? அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நாடகத்தில் நெஞ்சில் குத்தும் கத்தி பிடிக்குள் மடங்கிக்கொள்ளுமே, அதே மாதிரி தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் போய்விடும் ஊசி ஒன்றை ஜெர்மனியில் செய்தார்கள். 1998இல் அது 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. போட்டுக்கொண்டவர்கள் குத்தியதாகவே நம்பினார்கள்.

என் இடுப்புக்கு நேரடியாகப் பேசும் ஆராய்ச்சியும் ஜெர்மனியில் நடந்ததுதான், 2007இல் வெளியானது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு குழுவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு குழுவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், ஆழம் போகாமல், சும்மா ஊசி. மூன்றாவது குழுவுக்கு மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து, முறைப்படி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சும்மா போட்டவர்களில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4.

இந்த மூன்று எண்களையும் நான் ஒரு தாளில் எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்குபங்சர்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் சேர்த்துக் காட்டுவார்கள்: பார், மருத்துவத்தைவிட எவ்வளவு மேல்! எதிர்ப்பவர்கள் முதலையும் இரண்டாவதையும் காட்டுவார்கள்: பார், சும்மா குத்தினாலும் அதே பலன்! இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எனக்கு உறைத்தது வேறு. அந்த 361 புள்ளிகள், விரலால் அளந்த சுன், முழங்கால் மடிப்பு, நான் ரசித்த அத்தனையும் முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்றே சொச்சத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

2009இல் அமெரிக்காவில் இதையும் தாண்டி ஒரு காரியம் செய்தார்கள். முதுகு வலிக்காரர்கள் 638 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசிக்குப் பதிலாகப் பல் குத்தும் குச்சியை வைத்துத் தட்டினார்கள். தோலுக்குள் எதுவும் போகவில்லை. எட்டு வாரத்தில் நிஜ ஊசிக்காரர்களில் எவ்வளவு பேர் தேறினார்களோ, குச்சிக்காரர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர் தேறினார்கள், நூற்றுக்கு அறுபது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 39. சுகியாமாவின் குழாய்க்கு இப்படி ஒரு பெருமை வரும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

நேர்மையாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் 39 ஆய்வுகளைச் சேர்ந்த 20,827 நோயாளிகளின் தகவல்களை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, நிஜ ஊசி போலி ஊசியைவிடக் கொஞ்சம் மேலாகத்தான் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. தோலைத் தொட்டுத் தட்டுவதே நரம்புக்கு ஒரு தூண்டல்தானே, அதை எப்படிப் போலி என்று சொல்லலாம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2010இல் எலிகளுக்கு ஸு சன் லியில் ஊசி போட்டுத் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடியது, வலி குறைந்தது. 1970களிலேயே உடம்பு தானே சுரக்கும் வலியடக்கிகளான எண்டார்பின்களை இதோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். ஊசி உடம்பில் எதுவும் செய்வதில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பாதைகளும் ச்சியும்தான் இதில் எங்குமே தேவைப்படவில்லை. அறிவாளிகளே தடுமாறும் இடம்தான் இது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, 2016இல் வேண்டாம் என்று எடுத்தது, 2021இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது.

இன்னொரு ஆய்வு மட்டும் சொல்லிவிட்டு நோட்டுக்கு வருகிறேன். 2008இல் வந்தது, குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேர். ஒரு குழு சும்மா காத்திருந்தது: 28 சதவீதம் பேருக்கு நிம்மதி. இரண்டாவது குழுவுக்குப் போலி ஊசி, சிகிச்சையாளர் வந்தார், அதிகம் பேசவில்லை, போட்டார், போனார்: 44. மூன்றாவது குழுவுக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் முதல் நாள் சிகிச்சையாளர் உட்கார்ந்து கனிவாக விசாரித்தார், பொறுமையாகக் கேட்டார், நம்பிக்கையாகப் பேசினார்: 62. எவ்வளவு நேரம் விசாரித்தார் தெரியுமா? முக்கால் மணி நேரம்.

நோட்டை எடுத்தேன். அதுவரை அந்தந்த நாள் எண்ணைப் போட்டதோடு சரி, திருப்பிப் பார்த்ததே இல்லை. இப்போது கட்டம் போட்ட தாளில் ஏழு மாதத்தையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன்.

மலைத்தொடர் மாதிரி வந்தது. மூன்று சிகரங்கள். மூன்றாவது, நான் அக்குபங்சருக்குப் போன் செய்த 8. ஆனால் போன் செய்த அன்று 7, மறுநாள் 6, அதற்கு அடுத்த நாளும் 6. அதற்கு மறுநாள்தான் முதல் ஊசி. அதாவது ஊசி என்னைத் தொடும் முன்பே கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது. மற்ற இரண்டு சிகரங்களைப் பார்த்தேன். முதல் சிகரமும் 8. பக்கத்தில் "பெல்ட் வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறது. மூன்று வாரத்தில் 3. "பெல்ட் சூப்பர்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த பெல்ட் இப்போது எங்கே என்று தெரியவில்லை. இரண்டாவது சிகரம் 7. "மெத்தை மாற்றினேன்." இரண்டரை வாரத்தில் 3. "மெத்தைதான் காரணம், முன்னாடியே மாத்தியிருக்கணும்."

வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நான் எதையாவது செய்கிறேன். உச்சத்தில் இருப்பது எப்படியும் இறங்கத்தான் போகிறது. அது இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்கு மாலை போட்டுவிடுகிறேன். சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியலில் இதற்குப் பெயர் உண்டு. பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதிய சங்கதி. படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். என் இடுப்புக்குள்ளும் அது நடக்கும் என்று தோன்றவே இல்லை.

சரி, அப்போது ஊசியால் ஒன்றுமே இல்லையா? கோட்டில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெல்ட்டும் மெத்தையும் 3க்குக் கொண்டுவந்து இரண்டு வாரத்தில் மறுபடி 5க்கு விட்டுவிட்டன. இந்தத் தடவை 2க்கு இறங்கி, இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியாக இருக்கலாம். அந்த அரை மணி நேரச் சும்மா படுத்திருத்தலாக இருக்கலாம். அந்த இடத்துக்கு வாரம் இரண்டு தடவை, போக இருபது நிமிடம் வர இருபது நிமிடம் என்று நடந்தேன். பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் நடக்காதவன் ஊசிக்காக நடந்தேன். அதுவாகவும் இருக்கலாம். ஒரே ஒரு இடுப்பை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஊசியின் ஆபத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிகம் இல்லை. ஜெர்மனியில் 97,733 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில் பெரிய பாதிப்பு என்று சந்தேகிக்கத்தக்கவை ஆறு. அதில் இரண்டு, ஊசி நுரையீரல் உறையைத் துளைத்து உள்ளே காற்று புகுந்தது. ஆகவே மார்பிலும் தோளுக்கு மேலும் நேராக ஆழமாகக் குத்துகிறவரிடம் உடம்பைக் கொடுக்கக் கூடாது. ஊசி உறை பிரிக்காததாக, ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதாக இருக்க வேண்டும். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதால் மஞ்சள் காமாலை பி பரவிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் அங்கே கண்ட பெரிய ஆபத்து கால் மில்லிமீட்டர் கம்பியில் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலில் இருந்தது. எட்டாவது தடவை போனபோது அதைப் பற்றி அவரிடமே கேட்டேன். "நம்பிக்கை இல்லாம வந்தா பலிக்காது சார்" என்றார். பத்தையும் முடித்தேன், முன்பணம் கட்டியிருந்தது ஒரு காரணம், குறைகிறதே என்ற ஆசை இன்னொரு காரணம். அதன்பின் போகவில்லை. மறுபடி தேவைப்பட்டால் போவேனா? போவேன் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரையில் கை வைக்காத, முறையாக மருத்துவம் படித்த ஒருவரிடம்.

போன மாதம் கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் பேன்ட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கோணலாக நின்றபடி, "டேய், நீ ஊசி போட்டுக்கிட்டியே, அந்த நம்பர் குடு" என்றான்.

அந்த நம்பரைத் தரமாட்டேன், வேறு நல்ல ஆளாக விசாரித்துத் தருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கு, இரண்டு வாரம் தினமும் ராத்திரி 0லிருந்து 10வரை வலிக்கு ஒரு எண் போடு, அப்புறம் போ, அப்போதுதான் எது எதனால் என்று கொஞ்சமாவது தெரியும் என்று நீளமாக விளக்கினேன். கட்டம் போட்ட தாளில் நான் போட்ட கோட்டைக்கூடப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், காட்டினேன்.

அவன் முழுசாகப் பார்த்தான். "நல்லாத்தான் போட்டிருக்க" என்றான். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக நிமிர்ந்து, "ரெண்டு வாரம் எழுதறதுக்கு உனக்கு இப்ப 2. எனக்கு இப்ப 8டா" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலமே யாரிடமோ நம்பர் வாங்கிப் போய்விட்டான்.